நாள் ஏன் தள்ளிப்போகிறது?

புதிர்

மாதவிடாய் வரவேண்டிய நாள் போய் ஐந்து நாளாகிவிட்டால் மனதில் எழும் முதற் கேள்வி, கரு தங்கிவிட்டதா என்பதுதான். உடல் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. மார்பு வலி, அடிவயிற்றுக் கனம், களைப்பு, எரிச்சல் எல்லாம் கருத்தரிப்பின் தொடக்கத்திலும் வரும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் வரும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது புரோஜெஸ்தரோன் என்ற அதே ஓமோன். அறிகுறிகளை எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாததற்குக் காரணம் இதுவே.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், லோரன்ஸ் அவெனியூவை ஒட்டி அமைந்த குடியிருப்பு வெக்ஸ்போர்ட். ஸ்காபரோவின் மற்றப் பகுதிகளைப் போலவே இங்கும் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. மகள் பெரியபிள்ளையானதும் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்வதும், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து உடம்பைத் தேற்றுவதும் இங்கும் தொடர்கின்றன. அதன்பிறகு மாதாமாதம் உடலுக்குள் என்ன நடக்கிறது, எந்த நாட்களில் கரு தங்கும், நாள் தள்ளினால் எப்போது சோதிப்பது என்பதைப் பல வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பேசாமல் விடப்பட்ட இடத்தில் பயம் வளர்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்து, சுழற்சியின் கணக்கைப் புரிந்துகொள்வது.

சுழற்சியின் இரண்டு பாதிகள்

இரத்தப்போக்கு தொடங்கும் நாள் சுழற்சியின் முதல் நாள். அடுத்த இரத்தப்போக்குக்கு முந்திய நாள் அதன் கடைசி நாள். வளர்ந்த பெண்களில் இந்த இடைவெளி 24 முதல் 38 நாள் வரை இருப்பது இயல்பு என்பது இன்றைய மருத்துவ வரையறை. ஒரே பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கும் மறுமாதத்துக்கும் இடையே ஏழு, எட்டு நாள் வேறுபடுவதும் இயல்புக்குள் அடங்கும். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை நீளும் சுழற்சிகளும் வழமையானவை.

சுழற்சியின் நடுவே நிகழும் முக்கிய நிகழ்வு முட்டை வெளியேற்றம். சூலகங்களில் ஒன்றிலிருந்து முதிர்ந்த முட்டை ஒன்று வெளியேறிக் கருக்குழாய்க்குள் செல்வதையே அது குறிக்கிறது. அதற்கு முந்திய நாட்கள் முன்பாதி. பிந்திய நாட்கள் பின்பாதி.

முன்பாதியில் சூலகத்தில் உள்ள சிறு பைகளில் ஒன்று வளர்கிறது. அதனுள் முட்டை முதிர்கிறது. அந்தப் பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதிய அளவுக்கு ஏறியதும் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி மற்றொரு ஓமோனைத் திடீரென்று பெருமளவில் வெளியிடுகிறது. இந்த எழுச்சி தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியே வருகிறது.

வெடித்த பை அத்துடன் அழிந்துபோவதில்லை. அது மஞ்சட் சடலம் என்ற தற்காலிகச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்தரோனைச் சுரக்கிறது. தடித்த உட்சுவரைக் குலையாமல் வைத்திருப்பது இந்தப் புரோஜெஸ்தரோன். கரு தங்கவில்லை என்றால் இரண்டு வாரமளவில் மஞ்சட் சடலம் ஒடுங்கிவிடும். புரோஜெஸ்தரோன் இறங்கும், உட்சுவர் கழன்று இரத்தத்துடன் வெளியேறும். அதுவே மாதவிடாய்.

மஞ்சட் சடலத்தின் ஆயுள் பெரிதாக மாறாது. அதனால் பின்பாதியின் நீளமும் அதிகம் மாறாது. முட்டை முதிர்வதற்கான காலமோ மாதத்துக்கு மாதம் மாறும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 1,24,648 பெண்கள் செயலி ஒன்றில் பதிந்த 6,12,613 சுழற்சிகளை அலசியது. சுழற்சியின் சராசரி நீளம் 29.3 நாள். முன்பாதி சராசரியாக 16.9 நாள், பின்பாதி 12.4 நாள். நீண்ட சுழற்சிகளில் பெரும்பாலும் நீண்டிருந்தது முன்பாதியே.

இந்த உண்மையை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் ஜப்பானின் நீகாட்டா நகர வைத்தியர் கியூசாக்கு ஒகினோ. அவருக்கு முந்தியவர்கள் முட்டை வெளிவரும் நாளைக் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணித் தேடினார்கள், கணக்கு ஒத்துவரவில்லை. ஒகினோ அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். அதற்கு 12 முதல் 16 நாள் முன்னதாக முட்டை வெளிவருகிறது என்று 1920களில் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரிய வைத்தியர் ஹேர்மன் க்னவுஸும் தனியாக ஆராய்ந்து இதை ஒத்த முடிவுக்கு வந்தார்.

பின்னோக்கி எண்ணினால்தான் கணக்கு சரிவரும். ஆனால் அடுத்த மாதவிடாய் என்று வரும் என்பது வந்த பிறகே தெரியும். நாட்காட்டியை நம்பி இருப்பதன் அடிப்படைச் சிக்கல் இது.

முன்பாதி நீளும் காரணங்கள்

முட்டை முதிர்வதற்கான கட்டளை மூளையிலிருந்து வருகிறது. மூளையின் ஹைப்போதலமஸ் என்ற பகுதி குறித்த இடைவெளிகளில் கபச்சுரப்பிக்குச் சைகை அனுப்புகிறது. கடும் மனஅழுத்தம், திடீர் எடைக்குறைவு, மிகையான உடற்பயிற்சி, காய்ச்சல் ஆகியவை அந்தச் சைகையின் தாளத்தைக் குலைக்கும். இரவுப் பணியும் நேர வலயம் கடந்த பயணமும் சிலருக்கு அதே விளைவைத் தரும். பரீட்சை மாதத்திலோ, ஊருக்குப் போய்த் திரும்பிய மாதத்திலோ, களஞ்சியசாலையில் இரவு வேலை தொடங்கிய மாதத்திலோ மாதவிடாய் பிந்துவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பரீட்சை நெருக்கடி மாதவிடாயைப் பிந்தச் செய்தது என்றால், அந்த நெருக்கடி வேலை செய்தது மூன்று வாரத்துக்கு முன்னர். முட்டை வெளியேறியிருக்க வேண்டிய நாட்களில். முட்டை வெளியேறிய பிறகு வரும் பதற்றம் பின்பாதியைப் பெரிதாக நீட்டாது. ‘பயந்து பயந்தே வராமல் போயிற்று’ என்று சொல்வது சில வேளைகளில் உண்மையாகலாம். அதற்கு அந்தப் பயம் முட்டை வெளியேறுவதற்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும்.

நீடித்த காரணங்களும் உள்ளன. தைரொயிட் கோளாறு, பாலூட்டல், மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகள் எல்லாம் சுழற்சியைக் குலைக்கும். பலநீர்ப்பைச் சூலக நோயில் முட்டைப் பைகள் வளரத் தொடங்கி முதிராமலே நின்றுவிடும். உலகில் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. இப்படியானவர்களுக்கு மாதவிடாய் 40, 60 நாள் கழித்து வருவது கருத்தரிப்பின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. கரு தங்காது என்பதற்கான உத்தரவாதமும் அதில் இல்லை. எந்த மாதம் முட்டை வெளியேறும் என்பதை அவர்களால் முன்கூட்டி அறிய முடியாது.

ஆறு நாள்

வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிரோடு இருக்கும். விந்தணுக்கள் பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கக் கூடியவை. ஆகவே முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருத்தரிக்கக் கூடிய நாட்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்கள் தினமும் சேகரித்துக் கொடுத்த சிறுநீரை ஆராய்ந்து, அலன் வில்கொக்ஸும் அவரது குழுவினரும் 1995இல் இந்த ஆறு நாள் கணக்கை உறுதி செய்தார்கள். முட்டை வெளியேறுவதற்கு ஐந்து நாள் முன்னதாக உறவு கொண்டால் கரு தங்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. வெளியேறும் நாளில் மூன்றில் ஒன்று. மிக வளமான நாளில்கூட மூன்றில் இரண்டு தடவை கரு தங்குவதில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன.

அதே குழு 2000ஆம் ஆண்டில் மற்றொரு கேள்வியை எடுத்தது: இந்த ஆறு நாள் சுழற்சியின் எந்தப் பகுதியில் விழுகிறது? மருத்துவ வழிகாட்டிகள் அதுவரை 10ஆம் நாள் முதல் 17ஆம் நாள் வரை என்று எழுதிவந்தன. ஆறு நாளும் முழுமையாக அந்த எல்லைக்குள் விழுந்தது சுமார் 30 வீதமான பெண்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு அது முந்தியோ பிந்தியோ வந்தது. சுழற்சியின் முதல் வாரத்திலேயே அது தொடங்கியவர்களும் உண்டு.

ஒரு மார்ச் மாதக் கணக்கு

வெக்ஸ்போர்ட்டில் வசிக்கும் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரைக் கணக்குக்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருடைய கடந்த ஆறு சுழற்சிகளின் நீளம் 27, 31, 29, 34, 28, 30 நாள். கடைசி மாதவிடாய் மார்ச் 1இல் தொடங்கியது. மார்ச் 11இல் உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது.

அவருடைய கைப்பேசிச் செயலி ஆறு சுழற்சிகளின் சராசரியை எடுக்கிறது. கூட்டுத்தொகை 179, ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 30. அடுத்த மாதவிடாய் மார்ச் 31இல் வரும் என்கிறது. அதிலிருந்து 14 நாள் பின்னோக்கிப் போய், முட்டை வெளியேறும் நாள் மார்ச் 17 என்று வைக்கிறது. அதற்கு முந்திய ஐந்து நாளையும் சேர்த்து மார்ச் 12 முதல் 17 வரை வண்ணம் தீட்டிக் காட்டுகிறது. மார்ச் 11 அந்த வண்ணத்துக்கு வெளியே ஒரு நாள் தள்ளி நிற்கிறது. பார்ப்பவருக்கு அது பாதுகாப்பான நாள்.

இப்போது சராசரியை விட்டுவிட்டு, அவருடைய மிகக் குறுகிய சுழற்சியையும் மிக நீண்ட சுழற்சியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சுழற்சி 27 நாளில் முடிவதானால் அடுத்த மாதவிடாய் மார்ச் 28. முட்டை வெளியேறும் நாள் மார்ச் 14. கருத்தரிக்கக் கூடிய நாட்கள் மார்ச் 9 முதல் 14 வரை. இது 34 நாள் நீண்டால் மாதவிடாய் ஏப்ரல் 4. முட்டை மார்ச் 21. கருத்தரிக்கக் கூடிய நாட்கள் மார்ச் 16 முதல் 21 வரை. இந்த மாதம் எந்த நீளத்தில் அமையும் என்று முன்கூட்டித் தெரியாததால், மார்ச் 9 முதல் 21 வரை 13 நாளும் ஐயத்துக்குரியவை. மார்ச் 11 அதற்குள்ளேதான் இருக்கிறது.

பின்பாதியின் நீளமும் ஓரிரு நாள் மாறக் கூடியது என்பதால் இந்த 13 நாளின் விளிம்புகளும் திடமானவை அல்ல. செயலி சொல்வது கடந்தகால மாதங்களின் சராசரி. கரு தங்குவது இந்த மாதத்தில். தம் சுழற்சி ஒழுங்கானது என்று நம்புபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முதல் ஐந்து நாள்

மார்ச் 11 இரவிலிருந்து ஐந்து நாளுக்குள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது: அவசரக் கருத்தடை. அதன் வரலாற்றில் ஒன்ராறியோவுக்கும் பங்குண்டு. இதே மாகாணத்தின் லண்டன் நகரிலுள்ள மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் அல்பேர்ட் யூஸ்பி, இரண்டு ஓமோன்களைச் சேர்த்துக் கொடுக்கும் முறையொன்றை 1974இல் வெளியிட்டார். உலகெங்கும் பல ஆண்டுகள் அதுவே வழக்கில் இருந்தது. குமட்டல் அதன் பெருங்குறை. உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 1998இல் வெளிவந்தது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஒரே ஓமோன் யூஸ்பி முறையைவிட நன்றாக வேலை செய்வதையும் குமட்டலைக் குறைவாகத் தருவதையும் அது காட்டியது. பிளான் பி என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரையில் இருப்பது இந்த ஓமோன்.

இந்த மாத்திரை முட்டை வெளியேற்றத்தைத் தள்ளிப்போடுகிறது. காத்திருக்கும் விந்தணுக்கள் அதற்குள் இறந்துவிடுகின்றன. கபச்சுரப்பியின் எழுச்சி தொடங்குவதற்கு முன்னர் விழுங்கினால்தான் பலன் கிடைக்கும். 72 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள்; எவ்வளவு முந்தி எடுக்கிறாரோ அவ்வளவு நல்லது. முட்டை வெளியேறிவிட்டால் மாத்திரை உதவாது. ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைப்பதில்லை, கெடுப்பதுமில்லை. எடுத்துக்காட்டு மாணவி மார்ச் 12 காலையில் இதை எடுத்தால், மார்ச் 14இல் வெளியேறவிருந்த முட்டை தள்ளிப்போக வாய்ப்புண்டு.

கவனிக்க வேண்டியவை சில. விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை தேவைப்படலாம். எடை 75 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு இதன் பலன் குறைகிறது என்று கனடியச் சுகாதாரத் திணைக்களம் 2014இல் அறிவித்தது. தள்ளிப்போன முட்டை பின்னர் வெளிவரும் என்பதால், அதே மாதத்தின் மீதி நாட்களுக்கு மாத்திரை காவல் அல்ல. மாத்திரை எடுத்த மாதத்தில் மாதவிடாய் ஒரு வாரம் வரை முந்தியோ பிந்தியோ வரலாம். பலருக்கு இரண்டாவது பயத்தைக் கொடுப்பது இந்தத் தாமதமே.

யூலிபிரிஸ்ரல் என்ற வேறொரு மாத்திரை 120 மணி நேரம் வரை வேலை செய்யும். எழுச்சி தொடங்கிய பின்னரும் அதற்குப் பலன் உண்டு. அதற்கு மருந்துச்சீட்டு தேவை. எல்லாவற்றிலும் பலம் கூடியது கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப். ஐந்து நாளுக்குள் வைத்துக்கொண்டால் நூற்றில் 99க்கு மேற்பட்டவர்களுக்குக் கரு தங்காது. எடை அதைப் பாதிப்பதில்லை.

ஒன்ராறியோவில் பிளான் பி மாத்திரைக்கு மருந்துச்சீட்டு வேண்டியதில்லை. வாங்குபவர் வயதைக் காட்டவோ காரணம் சொல்லவோ கடமைப்பட்டவர் அல்ல. லோரன்ஸ் அவெனியூவிலுள்ள கடையில் அம்மாவுக்குத் தெரிந்தவர் நிற்பாரோ என்று தயங்குபவர், பஸ் ஏறி வேறொரு பகுதியில் வாங்கிக்கொள்ளலாம். தயங்கி நாளைக் கடத்துவதைவிட அது மேல்.

சோதனைக் கோடு எதைப் பார்க்கிறது?

முட்டையும் விந்தணுவும் இணைந்த உடனே உடலுக்கு அது தெரியாது. இணைந்த கரு பிரிந்து பெருகியபடி கருக்குழாய் வழியே நகர்ந்து, கருப்பையின் உட்சுவரில் பதிய வேண்டும். வில்கொக்ஸ் குழு 1999இல் வெளியிட்ட முடிவின்படி, நிலைத்த கருக்களில் 84 வீதமானவை முட்டை வெளியேறி 8, 9 அல்லது 10ஆம் நாளில் பதிந்தன. மிக முந்தியது 6ஆம் நாள், மிகப் பிந்தியது 12ஆம் நாள்.

பதிந்த கரு உடனே ஓர் ஓமோனைச் சுரக்கத் தொடங்குகிறது. இதைக் கரு ஓமோன் என்று அழைக்கலாம். மஞ்சட் சடலத்தை ஒடுங்கவிடாமல் காப்பது அதன் வேலை. மஞ்சட் சடலம் நீடித்தால் புரோஜெஸ்தரோன் நீடிக்கும், உட்சுவர் கழலாது, மாதவிடாய் வராது. கருத்தரித்தால் மாதவிடாய் நின்றுபோவதன் இரகசியம் இதுதான். இரத்தத்தில் இந்த ஓமோன் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிறுநீரில் அது போதிய அளவுக்கு வந்ததும் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு தோன்றும்.

1920களின் இறுதியில் இதே ஓமோனைக் கண்டறிய, பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியால் ஏற்றி, அதை அறுத்துச் சூலகத்தைப் பார்த்தார்கள். அறுபதுகளில் ஆய்வுகூடங்கள் சோதனைக் குழாய்க்கு மாறின. பதில் வைத்தியரிடம் போய், அவர் மூலமே பெண்ணுக்கு வந்தது. நியூஜேர்சியில் ஓர்கனன் மருந்து நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த மார்கிரட் கிறேன், கண்ணாடிக்கு மேல் வரிசையாகத் தொங்கிய குழாய்களை 1967இல் ஆய்வுகூடத்தில் கண்டார். இதைப் பெண்களே வீட்டில் செய்யலாமே என்று எண்ணி, சிறிய ஒளிபுகும் பெட்டி ஒன்றை உருவாக்கினார். மேலே ஒரு குழாய், அடியில் சாய்ந்த கண்ணாடி. கரு இருந்தால் குழாயின் அடியில் படியும் வளையம் கண்ணாடியில் தெரியும். பதிலுக்கு இரண்டு மணி நேரம் ஆடாமல் வைத்திருக்க வேண்டும். பிரெடிக்ரர் என்ற பெயரில் அந்தப் பெட்டி 1971இல் விற்பனைக்கு வந்தது கனடாவில். அமெரிக்கக் கடைகளில் இத்தகைய சோதனை கிடைக்க மேலும் ஆறு ஆண்டளவு ஆயிற்று.

இன்றைய பட்டை சில நிமிடத்தில் பதில் தருகிறது. ஆனால் கரு பதிவதற்கு முன்னர் எந்தப் பட்டையாலும் எதையும் காண முடியாது. மாதவிடாய் வரவேண்டிய முதல் நாளில் பத்தில் ஒரு கரு இன்னும் பதிந்திருக்காது என்று 2001இல் வில்கொக்ஸ் குழு கணக்கிட்டது. அன்று ஒற்றைக் கோடு வந்தால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது அவசியம்.

நாள் தவறாத கணக்கு ஒன்று உண்டு. மாதவிடாய் எத்தனை நாள் பிந்தியது என்பதை விட்டுவிட்டு, பாதுகாப்பற்ற கடைசி உறவு நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். விந்தணு காத்திருக்க ஐந்து நாள், கரு பதிய 12 நாள் வரை, ஓமோன் ஏற ஓரிரு நாள். எல்லாம் சேர்த்தாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கும். 21 நாள் கழித்துச் செய்யும் சோதனையில் கரு இல்லை என்று வந்தால் அதை நம்பலாம். சுழற்சி ஒழுங்கற்றவர்களுக்கும் செயலி வைத்திராதவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

காலையில் முதலில் வரும் சிறுநீரில் ஓமோன் செறிவாக இருக்கும். பெட்டியில் சொன்ன நேரத்துக்குள் பட்டையைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் தோன்றும் மங்கலான கோடும் கோடுதான். காய்ந்த பின்னர் தெரியும் சாம்பல் நிறக் கீறலைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஏப்ரல் 5

எடுத்துக்காட்டு மாணவி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். செயலி சொன்ன மார்ச் 31 கடந்து ஐந்து நாள். மார்ச் 11இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 5 என்பது 25ஆம் நாள். மூன்று வார எல்லை ஏப்ரல் 1இலேயே தாண்டிவிட்டது. இன்றைய பட்டை சொல்வது நம்பகமான பதில்.

முதல் நிலைமை: முட்டை மார்ச் 14இல் வெளியேறியது. மூன்று நாளாகக் காத்திருந்த விந்தணுக்களில் ஒன்று அதை அடைந்தது. மார்ச் 22 முதல் 24க்குள் கரு பதிந்தது. ஏப்ரல் 5இல் இரண்டாவது கோடு தெளிவாகத் தெரியும். வைத்தியர்கள் கர்ப்பக் காலத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், அன்று ஐந்து வாரக் கர்ப்பம் என்பார்கள். உண்மையில் கருவுக்கு வயது மூன்று வாரமே. இந்த வேறுபாடு தெரியாமல் ‘ஐந்து வாரத்துக்கு முன் எதுவும் நடக்கவில்லையே’ என்று குழம்புவோர் பலர்.

இரண்டாம் நிலைமை: மார்ச் நடுவில் காய்ச்சலும் பரீட்சைக்கான தூக்கமற்ற இரவுகளும் சேர்ந்து முட்டையைத் தள்ளிவிட்டன. அது மார்ச் 24இல்தான் வெளியேறியது. மார்ச் 11இன் விந்தணுக்கள் அதற்குள் இறந்துவிட்டன. ஏப்ரல் 5இல் ஒற்றைக் கோடு. மார்ச் 24இலிருந்து 14 நாள் கூட்டினால் ஏப்ரல் 7; இரண்டு நாளில் மாதவிடாய் வந்துவிடும். அது உரிய நேரத்தில் வந்த மாதவிடாய், பிந்தியது முட்டை.

பப்பாளியும் தள்ளிப்போடும் மாத்திரையும்

நாள் தள்ளினால் பப்பாளி, அன்னாசி, எள்ளு சாப்பிட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கை ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் உண்டு. அது கப்பலேறிக் கனடாவுக்கும் வந்திருக்கிறது. வழமையாக உண்ணும் அளவில் இவை மாதவிடாயை வரவழைப்பதற்கோ கருவைக் கலைப்பதற்கோ சான்று இல்லை. சாப்பிட்ட மறுநாள் வந்துவிட்டது என்றால், அது எப்படியும் வரவிருந்தது.

கோயில் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் நோரெத்திஸ்டெரோன் மாத்திரை வேறு வகை. அது புரோஜெஸ்தரோன் போன்றே செயற்பட்டு உட்சுவரைக் கழலவிடாமல் பிடித்து வைக்கிறது. நிறுத்தி இரண்டு, மூன்று நாளில் இரத்தப்போக்கு வரும். மாதவிடாய்க்குச் சில நாள் முன்னதாகத் தொடங்கும் இந்த முறை கருத்தடை அல்ல. எடுத்த காலத்தில் பாதுகாப்பின்றி உறவு கொண்டு, நிறுத்திய பின்னரும் வரவில்லை என்றால் 21 நாள் கணக்கின்படி சோதிக்க வேண்டும்.

முதல் தடவை உறவில் கரு தங்காது, உடனே கழுவினால் தங்காது என்பவை பிழையான நம்பிக்கைகள். கழிப்பறை இருக்கை, நீச்சல் குளம், துணியில் காய்ந்த விந்து ஆகியவற்றால் கரு தங்கும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை.

பதில் வந்த பிறகு

இரண்டு கோடு வந்தால் முதலில் ஒரு வைத்தியரையோ சிகிச்சை நிலையத்தையோ நாட வேண்டும். ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் இல்லை. சிகிச்சையை விளங்கிக்கொள்ளக் கூடியவர் தானே முடிவெடுக்கலாம். அவருடைய அனுமதியின்றி வைத்தியர் அதைப் பெற்றோரிடம் சொல்ல முடியாது. முழுக் குடும்பத்துக்கும் ஒரே குடும்ப வைத்தியர் என்றாலும் அப்படித்தான். பெற்றோரின் தனியார் காப்புறுதியில் மருந்துக்குக் கோரினால் அந்த விவரம் அவர்கள் கணக்கில் தெரியவரலாம் என்பதை மட்டும் நினைவில் வைப்பது நல்லது. எங்கே போவது என்று தெரியாதவர் எந்நேரமும் 811 என்ற இலக்கத்தை அழைத்துத் தாதி ஒருவருடன் இலவசமாகப் பேசலாம்.

கர்ப்பத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. கனடாவின் கருக்கலைப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1988இல் மோர்கென்டேலர் வழக்கில் செல்லாததாக்கியது. மருந்து மூலம் நிறுத்தும் முறை 2017 முதல் கனடாவில் கிடைக்கிறது; ஒன்ராறியோ அந்த ஆண்டிலேயே அதை இலவசமாக்கியது. கடைசி மாதவிடாயிலிருந்து ஒன்பது வாரம் வரை அதற்கு அனுமதி உண்டு. எடுத்துக்காட்டு மாணவிக்கு அந்த எல்லை மே 3. ஏப்ரல் 5இல் சோதித்தவருக்கு ஆறுதலாக யோசிக்க நான்கு வாரம் இருக்கிறது. பயந்து சோதிக்காமல் விடுபவர் இழப்பது இந்த நாட்களையே. தொடர்வது என்று முடிவெடுத்தவர் அன்றே போலிக் அமிலம் எடுக்கத் தொடங்க வேண்டும்.

சோதனையில் கரு இருப்பது தெரிந்து, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள் நுனியில் வலி அல்லது மயக்கம் வந்தால் உடனே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கரு குழாயிலேயே பதிந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம், உயிருக்கு ஆபத்தானது.

ஒற்றைக் கோடு வந்து, மாதவிடாயும் மூன்று மாதமாக வராவிட்டால் தைரொயிட், சூலகம் முதலியவற்றைச் சோதிக்க வைத்தியரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் வந்தும் வழமைக்கு மாறாக மிகக் குறைவாகவும் குறுகியதாகவும் இருந்தால் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. கர்ப்பத்தின் தொடக்கத்திலும் சிறிது இரத்தம் படலாம்.

அடுத்த மாதத்துக்கான பாதுகாப்பு இனி எஞ்சியிருப்பது. ஆணுறையை மட்டும் நம்பி, அதை ஓராண்டுக் காலம் சாதாரணமாகப் பயன்படுத்தும் 100 பெண்களில் சுமார் 13 பேருக்குக் கரு தங்குகிறது. தினசரி மாத்திரையில் 7 பேர், விலகிக்கொள்ளும் முறையில் 20 பேர், செப்பு லூப்பில் ஒருவருக்கும் குறைவு. பால்வினை நோய்களிலிருந்து காப்பது இவற்றுள் ஆணுறை ஒன்றே. ஆகவே ஆணுறையையும் வேறொரு முறையையும் சேர்த்துக் கையாள்வதே வைத்தியர்கள் சொல்லும் வழி. நாட்காட்டிக்கு இவற்றின் இடத்தைக் கொடுக்க முடியாது. மாதவிடாய் தொடங்கிய நாளையும் பாதுகாப்பு தவறிய நாளையும் குறித்து வைக்க அது உதவும். அந்த இரண்டு தேதிகளும் கையில் இருந்தால் எந்த நாளில் சோதிப்பது, எந்தப் பதிலை நம்புவது என்பதை எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.